முதல் டிரையத்லானுக்கு முன்னால்: கடைசிப் பத்து நாளில் எதைக் குறைக்கணும், எதை விடக்கூடாது

பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றால், இனி செய்யும் எந்தப் பயிற்சியும் உங்கள் பலத்தைக் கூட்டப்போவதில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்று மூச்சு முட்ட ஓடினால் அதன் களைப்பு நாளைக்கே வந்துவிடும், அதன் பலன் உடம்பில் ஊறுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஆக, கடைசி வாரத்தில் அடித்துப் பிடித்துச் செய்கிற பயிற்சியின் களைப்பு மட்டும் உங்களோடு தொடக்கக் கோட்டுக்கு வரும். பலன், பந்தயம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வந்து சேரும்.

ஆனாலும் முதல் தடவை கலந்துகொள்கிறவர்கள் பலர் ஒரு வாரத்துக்கு முன்னால் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போய் முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் செய்து பார்த்துவிட நினைக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. நீந்தி முடித்ததும் சைக்கிள் ஓட்டி, அதற்கப்புறம் ஓடவும் வேண்டும் என்றால், முடியுமா என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ளத்தான் தோன்றும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று வாரத்துக்கு முன்னால். இன்னொரு பக்கம், "ஓய்வு எடுக்கணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு பத்து நாளும் சோபாவில் படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடும் சிரமம்தான். பந்தயத்தன்று காலையில் தண்ணீரில் இறங்கியதும் கையும் காலும் யாருடையதோ மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் டேப்பர் என்கிறார்கள்: நேரத்தைக் குறைக்கணும், வேகத்தை விடக்கூடாது, எத்தனை நாள் பயிற்சி செய்கிறோமோ அதையும் பெரிதாகக் குறைக்கக்கூடாது.

இது யாரோ ஒரு கோச்சின் சொந்தக் கருத்து இல்லை. லோரான் போஸ்கே, இன்யிகோ முஹிகா உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீச்சல், ஓட்டம், சைக்கிள் வீரர்கள் மீது நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2007இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குப் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை படிப்படியாகக் குறைத்து, தீவிரத்தையும் எண்ணிக்கையையும் அப்படியே வைத்திருந்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்பதுதான் அது. இப்படிச் சரியாகக் குறைத்தால் பந்தய நேரத்தில் இரண்டு மூன்று சதவீதம் மிச்சமாகலாம் என்பது பொதுவான கணக்கு. முதல் பந்தயத்தில் நேரம் பெரிய விஷயம் இல்லை, ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டரை நடக்காமல் ஓடி முடிப்பது பெரிய விஷயம், அந்த வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்கணும். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் நிறையப் பயிற்சி செய்கிறவர்கள். நம்மில் பெரும்பாலானோர் முதலில் போவது ஸ்பிரின்ட் பந்தயத்துக்கு, அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அவ்வளவுதான் செய்கிறீர்கள் என்றால் இரண்டு வாரம் குறைக்கத் தேவையில்லை, ஏழு முதல் பத்து நாள் போதும். நேராக ஒலிம்பிக் தூரத்துக்கு, அதாவது 1.5, 40, 10 என்ற கணக்குக்குப் பெயர் கொடுத்து வாரம் எட்டு பத்து மணி நேரம் உழைத்தவர்கள் முழு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணி நேரக்காரருக்குக் கணக்கு இப்படி வரும்: முந்தைய வாரம் மூன்றரை மணி நேரம், பந்தய வாரம் பந்தயத்தைச் சேர்க்காமல் இரண்டு மணி நேரம். வாரம் ஆறு தடவை செய்தவர் ஐந்து தடவை செய்யலாம், ஒவ்வொன்றும் குட்டையாக இருக்கணும். மூன்றையும் ஒரே அளவில் குறைக்கவும் கூடாது. ஓட்டத்தை முதலில் குறையுங்கள், ஏனென்றால் தரையில் கால் மோதி மோதி தசையில் ஏற்படும் சேதம் ஆறத்தான் நாள் அதிகம் ஆகும். அடுத்தது சைக்கிள். நீச்சலைக் கடைசியாகக் குறையுங்கள். தண்ணீரைக் கை பிடித்துத் தள்ளுகிற அந்த உணர்வு நான்கைந்து நாள் இறங்காவிட்டாலே மங்கிவிடும், வயது வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொண்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் மங்கும்.

ஞாயிறு முதல் ஞாயிறு வரை

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, கடைசியாகக் கொஞ்சம் நீளமாகச் செய்கிற நாள்: நாற்பது நிமிடம் சைக்கிள், இறங்கியதும் பத்து நிமிடம் ஓட்டம், அவ்வளவுதான். கடலில் இதுவரை நீந்தியதே இல்லை என்றால் அதற்கும் இந்த வார இறுதிதான் கடைசி வாய்ப்பு, அதைத் தவற விடாதீர்கள். நீச்சல் குளத்தில் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போய்ப் பழகியவர்களுக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடல் வேறு உலகம். தண்ணீர் கலங்கலாக இருக்கும், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது, எங்கே போகிறோம் என்று தெரியாது, அலை வாயில் அடிக்கும். பந்தயத்தன்று வரும் பதற்றத்தில் பாதி, இது புதிது என்பதால் வருவது. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, பளிச்சென்ற மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கரையை ஒட்டியே பதினைந்து இருபது நிமிடம் நீந்துங்கள். ஆறேழு வீச்சுக்கு ஒரு தடவை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வருகிற அளவுக்குத் தலையைத் தூக்கி, கரையில் உயரமாக நிற்கும் ஏதாவது ஒன்றை, ஒரு கட்டடத்தையோ மரத்தையோ, குறியாக வைத்துப் பாருங்கள். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும், உடனே மூச்சு வாங்கும். இதை ஒரு தடவை உடம்பு கற்றுக்கொண்டால் போதும். போவதற்கு முன்னால் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் கடற்கரை நீரின் தரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

திங்கள் ஓய்வு. செவ்வாய் நீச்சல் குளத்தில் எண்ணூறு மீட்டர் போதும், அதில் ஐம்பது மீட்டர் எட்டு தடவை பந்தய வேகத்தில், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிவிட்டு. புதன் சைக்கிள் நாற்பது நிமிடம், நடுவில் நான்கு தடவை இரண்டு இரண்டு நிமிடம் அழுத்தி மிதிக்கணும். வியாழன் இருபது நிமிட ஓட்டம், அதில் நான்கு தடவை ஒரு நிமிடம் பந்தய வேகம். "இன்னும் ரெண்டு தடவை செய்யலாமே" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துங்கள், அப்படித் தோன்றுவதுதான் இந்த வாரம் சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம். வெள்ளி முழு ஓய்வு. சனிக்கிழமை காலை சைக்கிளை எடுத்து ஒரு கால் மணி நேரம் ஓட்டி எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள், ஐந்தாறு நிமிடம் மெல்ல ஓடுங்கள், முடிந்தால் கொஞ்சம் நீந்துங்கள். பந்தயத்துக்கு முதல் நாள் ஓய்வெடுக்காமல் அதற்கு முந்தைய நாள் ஓய்வெடுப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள். முழு ஓய்வுக்கு மறுநாள் உடம்பு கொஞ்சம் மந்தமாக இருக்கும், சனிக்கிழமை லேசாக அசைத்துவிட்டால் அந்த மந்தம் ஞாயிறு வரை வராது.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்லணும். நாள் முழுக்க ஏர்கானில் வேலை செய்துவிட்டு, குறைத்த பயிற்சியையும் மாலையில் ஏர்கான் ஜிம்மில் டிரெட்மில்லில் செய்தால் உடம்பு வெப்பத்தை மறக்க ஆரம்பித்துவிடும். வெப்பத்துக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. அதனால் குறைத்துச் செய்யும் அந்த இருபது நிமிடத்தையும் வெளியில்தான் செய்யணும், பந்தயம் நடக்கிற அதே காலை நேரத்தில் செய்தால் இன்னும் நல்லது. அதற்காக நட்டநடு மதியத்தில் போய் உடம்பை வாட்டவும் வேண்டாம். மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைக் காட்டும் டபிள்யூபிஜிடி எண் இருக்கிறது. 31ஐத் தொட்டால் மிதமான அபாயம், 33ஐத் தொட்டால் அதிக அபாயம். இந்த வாரத்தில் 31ஐத் தாண்டியிருந்தால் வெளியே போகாதீர்கள், அதில் கிடைக்கப்போவது எதுவும் இல்லை.

பயிற்சிக்கு வெளியே இருக்கிற களைப்பு

பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மிச்சமான நேரத்தில் வீட்டைச் சுத்தம் செய்வது, அலமாரியை நகர்த்துவது, தேக்காவில் இரண்டு மணி நேரம் நடந்து சாமான் வாங்குவது, முஸ்தபாவில் ராத்திரி பதினொரு மணிக்கு மாடி மாடியாக ஏறி இறங்குவது. கால்களுக்கு இது எல்லாமே வேலைதான், அதற்குப் பயிற்சி வேறு, ஷாப்பிங் வேறு என்று தெரியாது. பந்தயப் பையை வாங்கப் போகிற வேலையையும் முடிந்தவரை பை கொடுக்கத் தொடங்கும் நாளிலேயே முடித்துவிடுங்கள், சனிக்கிழமை மதியம் வரிசையில் நிற்காதீர்கள்.

என்எஸ் எனும் கட்டாய தேசிய சேவையை முடித்து ரிசர்விஸ்டில் இருக்கும் தம்பிமார்களுக்கு: அந்த வாரத்தில் ஐபிபிடி உடற்தகுதித் தேர்வை வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்புதான் தயாராக இருக்கிறதே, அதையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். முழு வேகத்தில் 2.4 கிலோமீட்டர் ஓடி, நேரம் வைத்து புஷ்-அப் எடுத்தால் தோளும் தொடையும் மூன்று நாளைக்கு வலிக்கும், அந்தத் தோளை வைத்துத்தான் நீங்கள் 750 மீட்டர் நீந்தணும். ஒரு வாரம் தள்ளிப் பதிவு செய்யுங்கள்.

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வேலையே பயிற்சி மாதிரி. வியாழன் ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்தால் அதுவே பெரிய லாபம்.

சனிக்கிழமை மாலை சொந்தக்காரர் கல்யாண வரவேற்பு என்றால் போகாமல் இருக்க முடியாது, சரி. சீக்கிரமே போய், உட்கார்ந்து பேசி, மணமக்களைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பந்தயம் வந்தால் என் கருத்து வேறு. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில், பால் குடமோ காவடியோ எடுத்து, விரதமும் இருந்து நடக்கிறவர் அதே வாரத்தில் பந்தயத்துக்கும் போகக்கூடாது. நேர்த்திக்கடனைச் செய்யுங்கள். கொப்புளம் ஆறி, சாப்பாடு பழைய நிலைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து வருகிற பந்தயத்தைப் பிடியுங்கள்.

அப்புறம், இந்த வாரத்தில் உடம்பு விசித்திரமாக நடந்துகொள்ளும். இதுவரை வலிக்காத முட்டி திடீரென்று வலிக்கும், தொண்டை கரகரக்கும், இருபது நிமிட ஓட்டம்கூட கனமாகத் தெரியும். "அண்ணே, ஒழுங்கா ஓடி ஒரு வாரம் ஆச்சு, ஸ்டாமினா போயிடுச்சு போல" என்று நண்பர்கள் கேட்கும் கேள்வி எல்லாம் இந்த வாரத்தில்தான் வரும். போகாது. பயிற்சியை முழுக்க நிறுத்தினால்தான், அதுவும் இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் தாங்கும் திறன் தெரிகிற மாதிரி இறங்கும். எடை ஒரு கிலோ ஏறியிருப்பதைப் பார்த்துப் பதறி சாப்பாட்டைக் குறைக்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தும், ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏறிய அந்த எடை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை செலவு செய்யப்போகிற எரிபொருள். ஆனால் ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி வலி இருந்து, நடக்கும்போதும் போகவில்லை என்றாலோ, காய்ச்சல் இருந்தாலோ அது வேறு கதை. மருத்துவரைப் பாருங்கள், காய்ச்சலோடு போட்டிக்குப் போகவே கூடாது.

சாப்பாடு

ஸ்பிரின்ட் பந்தயம் ஒன்றரை மணி நேரத்தில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக மூன்று நாள் சோற்றை மலை மாதிரிக் குவிக்க வேண்டியதில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள், கடைசி இரண்டு நாள் தட்டில் சோறு கொஞ்சம் கூடட்டும், எண்ணெயும் கறியும் கொஞ்சம் குறையட்டும். ஒலிம்பிக் தூரத்துக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு நாளும் சோறு, இட்லி, ரொட்டி என்று மாவுச்சத்தைத் தெரிந்தே கூட்டிக்கொள்ளலாம்.

சனிக்கிழமைக்குத்தான் கட்டுப்பாடு வேணும். பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, பச்சைக் காய் எல்லாம் நல்லதுதான், ஆனால் நார்ச்சத்தும் வாயுவும் ஞாயிறு காலை வயிற்றில் வேலையைக் காட்டும். மீன் தலைக் கறியும் மட்டன் பிரியாணியும் பந்தயம் முடிந்ததும் சாப்பிடலாம். சனிக்கிழமை முக்கியமான சாப்பாட்டை மதியமே முடித்துவிட்டு, இரவு ஏழு மணிக்குள் தயிர் சாதமோ ரசம் சாதமோ உருளைக்கிழங்கோடு சாப்பிட்டால் படுக்கும்போது வயிறு அமைதியாக இருக்கும். தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம், அளவுக்கு மீறிக் குடித்தால் உடம்பில் இருக்கும் உப்பு நீர்த்துப்போகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். ஹண்ட்ரட் பிளஸ் ஒரு கேன் குடிப்பதில் தப்பில்லை. தினமும் காலையில் கோப்பி ஓ குடிக்கிறவர் அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், தலைவலிதான் மிச்சம்.

சைக்கிள், துண்டு, பயணம்

சைக்கிளை சர்வீஸ் கொடுப்பதென்றால் பத்து நாள் முன்னால் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்து சனிக்கிழமை மாலை வாங்கினால், புதிதாகப் போட்ட கேபிள் கொஞ்சம் தளர்ந்து கியர் தட்டும்போது சரிசெய்ய நேரம் இருக்காது. புதுக் காலணி, புது சீட், புது நீச்சல் கண்ணாடி எதுவும் இந்த வாரம் வேண்டாம். நம் கடல் சுமார் 29 டிகிரியில் இருக்கிறது, குளிர் தாங்கும் வெட்சூட் உடை பற்றிய கவலையே தேவையில்லை. கால் நகத்தை மூன்று நாள் முன்னால் வெட்டிவிடுங்கள்.

மிச்சமாகிற நேரத்தில் செய்யக்கூடிய மிக நல்ல வேலை, நீச்சலில் இருந்து சைக்கிளுக்கும் சைக்கிளில் இருந்து ஓட்டத்துக்கும் மாறுவதைப் பழகுவது. களைப்பே இல்லை, பலன் நிறைய. புளோக் கீழே ஆள் இல்லாத ஓர் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் சின்னத் துண்டு ஒன்றை விரியுங்கள். துண்டின் மேல் காலணி, வாய் நன்றாக விரிந்து, உள்ளே கொஞ்சம் பவுடர், சாதாரண லேஸுக்குப் பதில் இழுத்தால் நீளும் லேஸ். ஹெல்மெட்டைக் கைப்பிடியின் மேல் கவிழ்க்காமல் மல்லாக்க வையுங்கள், இரண்டு பட்டையும் வெளியே தொங்கட்டும், உள்ளே கறுப்புக் கண்ணாடி, பந்தய எண் கட்டிய பெல்ட். இப்போது பத்து மீட்டர் தள்ளி நின்று, தலையையும் காலையும் நனைத்துக்கொண்டு ஓடி வாருங்கள். முதலில் ஹெல்மெட், அதன் கொக்கி மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்கணும், மாறிச் செய்தால் தண்டனை உண்டு. சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடுங்கள். திரும்பி வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு அப்புறம்தான் கொக்கியைக் கழற்றணும். வரிசை கைக்குப் பழகும்வரை ஒவ்வொரு மாலையும் சில தடவை செய்தால், ஞாயிறன்று மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது யோசிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பயணத்தையும் புதன்கிழமைக்குள் முடிவு செய்யுங்கள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்த பிறகு மரின் பரேட், சிக்லாப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது, ஆனால் எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளைத்தான் ஏற்ற முடியும், முழு சைக்கிளை விடமாட்டார்கள். முதல் ரயிலும் உங்களுக்குத் தேவையான நேரத்துக்கு வராது. பெரிய டாக்சியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அல்லது கார் வைத்திருக்கும் மச்சானிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தூக்கத்தில் வெள்ளி இரவுதான் முக்கியம். சனி இரவு தூக்கம் வராது, புரண்டு புரண்டு படுப்பீர்கள், பரவாயில்லை, ஓர் இரவு தூங்காததால் சேர்த்து வைத்த பலம் போய்விடாது. வாரம் முழுக்க அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து, முன்னதாக எழுந்து பழகினால் ஞாயிறு நான்கு மணி அலாரம் அவ்வளவு கொடுமையாக இருக்காது. எழுந்ததும் இட்லியோ காயா தடவிய ரொட்டியோ, தொடங்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் மழை ராடாரைப் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவில் இருந்து வரும் காற்றும் மழையும் பெரும்பாலும் விடியற்காலையில்தான் அடிக்கும். மின்னல் இருந்தால் தொடக்கத்தைத் தள்ளிவைப்பார்கள், சில சமயம் நீச்சலையே ரத்து செய்து ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று மாற்றிவிடுவார்கள். அப்படி அறிவித்தால் கூரைக்குக் கீழே உட்காருங்கள், நின்றுகொண்டே காத்திருக்காதீர்கள், ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். முதல் ஓட்டத்தைப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் போங்கள், ஏனென்றால் ஒரு வாரம் ஓய்வெடுத்த கால் அந்த முதல் கிலோமீட்டரில் உங்களைத் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும்.